உடையாமல் ஊர் சேர...
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

தோழியரே! கண்ணாடி வளையலும் கோழி முட்டையும் மண்பானையும் உடையும் பொருள்கள் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் பால்சா மரக் குச்சிகளாலும் மெல்லிய காகிதத்தாலும் செய்த ஒரு மாதிரி விமானத்தின் முன்னே அவை எல்லாம் இரும்புக்குச் சமம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சென்ற ஆகஸ்டு மாதம் வரை நானும் சிரித்திருப்பேன். அந்த மாதத்தில்தான் நானும் என் தோழியும் மூன்று மாதம் பாடுபட்டுச் செய்த விமானத்தை, நான் ஒருத்தியே பெட்டியில் கட்டி, மதுரையில் நடந்த அறிவியல் கண்காட்சிக்கு அனுப்பி வைத்தேன். தோழி அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள். “நீயே கட்டிவிடு, உன்மேல் நம்பிக்கை இருக்கிறது” என்று சொல்லி அனுப்பினாள்.

நான் கட்டிய விதத்தைக் கேளுங்கள். ஒரு நீளமான அட்டைப்பெட்டி. விமானத்தை முழுமையாக, இறக்கையைக் கூடக் கழற்றாமல் அதில் வைத்தேன். ஆடக்கூடாது என்பதற்காகப் பழைய செய்தித்தாள்களைக் கசக்கிக் கசக்கி, இனிமேல் ஒரு தாள்கூட நுழையாது என்னும் அளவுக்குத் திணித்தேன். மேலே சணல் கயிறு. நான்கு பக்கமும் சிவப்பு மையில் ‘உடையும் பொருள்’ என்று எழுதினேன். பார்சல் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மிகுந்த திருப்தியோடு வீடு திரும்பினேன்.

மதுரையில் பெட்டியைத் திறந்தபோது இடது இறக்கை அடியோடு முறிந்து கிடந்தது. காகிதத்தில் ஏழு இடங்களில் ஓட்டை. புரொப்பெல்லரின் கம்பி வளைந்திருந்தது. நாங்கள் வரைந்து கொண்டு போயிருந்த விளக்கப் படத்தை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு, வெறும் மேசைக்குப் பின்னால் இரண்டு நாள் நின்றோம். “என்ன செய்து வைத்தாய்?” என்று தோழி ஒரே ஒரு முறை கேட்டாள். அதன்பின் என்னோடு பேசவில்லை. டிசம்பர் மாதத்தில் அவள் தந்தைக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகி, அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு குடும்பமே புறப்பட்டுப் போய்விட்டது. முறிந்த விமானம் எங்கள் அறிவியல் கூடத்து அலமாரியின் மேல் தங்கிவிட்டது.

அதைச் செப்பனிட்டு, இம்முறை உடையாமல் அவள் கைக்குச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். அதற்காக நான் கற்றவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சில சொற்கள். பால்சா என்னும் மரம் தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் மிகுதியாக வளர்க்கப்படுகிறது. ஸ்பானிய மொழியில் பால்சா என்றால் தெப்பம் என்று பொருள். நம் ஊர் இலவ மரத்துக்கு இது உறவு முறை. இதன் காயிலும் இலவம் பஞ்சு போன்ற பஞ்சு உண்டு. மிக விரைவில் வளர்வதால் மரத்தின் உள்ளே பெரிய பெரிய சிற்றறைகள் அமைந்து, உலர்ந்தபின் அவற்றில் காற்றே நிறைந்திருக்கும். ஆகவே எடை மிகக் குறைவு. எங்கள் விமானம் இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 90 சென்டிமீட்டர்; ஆனால் மொத்த எடை 150 கிராம்தான். இறக்கையில் இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள விலாக்களை நிறுத்தி, மேலே மெல்லிய காகிதம் ஒட்டி, டோப் என்னும் வார்னிஷைப் பூசினால் காகிதம் முரசின் தோல் போல் இறுகிவிடும். அந்த இறுக்கம்தான் இறக்கைக்கு வலிமை. ஒரு விரல் பட்டால் ஓட்டை விழும் என்பது அந்த வலிமைக்கு நாம் கொடுக்கும் விலை.

என் தோல்வியால் மனம் சோர்ந்திருந்தபோது நூலகத்தில் ரைட் சகோதரர்களின் வரலாற்றைப் படித்தேன். வில்பர், ஆர்வில் என்ற அந்த இருவரும் சிறுவர்களாக இருந்தபோது, 1878-ஆம் ஆண்டில், ஆயராக இருந்த அவர்கள் தந்தை ஒரு பறக்கும் பொம்மையை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம் இவற்றால் ஆகி, முறுக்கிய ரப்பரால் எழும்பும் பொம்மை அது. அதை முதலில் வடிவமைத்தவர் அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர். அவரே 1871-இல் பாரிஸ் நகரத்துத் தோட்டம் ஒன்றில், ரப்பர் முறுக்கினால் ஓடும் ஒரு சிறு விமானத்தைப் பதினொரு வினாடிகள் பறக்கவிட்டுக் காட்டினார். எங்கள் விமானமும் அதே ரப்பர் முறுக்கால் பறப்பதுதான். ரைட் சகோதரர்களின் பொம்மை வெகுநாள் தாங்கவில்லை; உடைந்தது. உடைந்தபின் அவர்களே புதிதாகச் செய்து பார்த்தார்கள். இதெல்லாம் பலரும் படித்திருப்பீர்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதற்குப் பின் வந்த செய்தி.

1907-ஆம் ஆண்டில் அவர்கள் தங்கள் உண்மையான விமானம் ஒன்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மரப் பெட்டிகளில் அடைத்து, அமெரிக்காவிலிருந்து பிரான்சு நாட்டு லெ ஹாவ்ர் துறைமுகத்துக்குக் கப்பலில் அனுப்பினார்கள். பேச்சு வார்த்தை முடியாததால் பெட்டிகள் அங்கேயே மாதக்கணக்கில் கிடந்தன. 1908 ஜூன் மாதம் வில்பர் லெ மான் என்ற ஊரில் பெட்டிகளைத் திறந்தார். விலாக்கள் பல முறிந்திருந்தன, துணி கிழிந்திருந்தது, எஞ்சினைக் குளிர வைக்கும் ரேடியேட்டர்கள் நசுங்கியிருந்தன. கட்டியவர் தம்பி ஆர்வில். அண்ணனுக்கு வந்த கோபத்தில், இப்படியா கட்டுவது என்று தம்பிக்குக் கடுமையாகக் கடிதம் எழுதினார். ஆனால் குற்றம் தம்பியுடையதன்று. துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் பெட்டிகளைத் திறந்து சோதித்துவிட்டு, எடுத்தவற்றைக் கண்டபடி திணித்து மூடிவிட்டார்கள் என்பது பின்னர்தான் தெரிய வந்தது. வில்பர் வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செப்பனிட்டு, ஆகஸ்டு 8-ஆம் நாள் லெ மான் அருகே குதிரைப் பந்தயத் திடலில் ஒரு நிமிடம் நாற்பத்தைந்து வினாடிகள் பறந்து ஐரோப்பாவையே வியக்க வைத்தார்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஆறுதல் தோன்றியது. நானும் ஆர்வில் போலக் குற்றமற்றவளாக இருக்கலாமே, வழியில் யாராவது திறந்து கெடுத்திருக்கலாமே என்று எண்ணினேன். அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடமும் அப்படியே சொன்னேன். சிஸ்டர் என் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். பழைய கயிறு, பழைய முடிச்சு. நான் போட்ட முடிச்சைக் கண்காட்சியில் நான்தான் அவிழ்த்தேன். யாரும் திறக்கவில்லை. “முடிச்சு உன்னுடையது, முறிவும் உன்னுடையது. இனி ஏன் என்று கண்டுபிடி” என்றார்கள் சிஸ்டர்.

ஏன் முறிந்தது? விடை நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நியூட்டனின் முதல் விதி கூறும் நிலைமம்தான் காரணம். எங்கள் விமானம் நேராகப் பறப்பதற்காக மூக்கின் உள்ளே சிறிதளவு ஈயம் வைத்திருந்தோம். பெட்டி வண்டியிலிருந்து இறங்கும்போது கீழே விழுந்திருக்கும். தரையைத் தொட்டதும் பெட்டி நின்றுவிட்டது. செய்தித்தாள் இறுக்கிப் பிடித்திருந்த இறக்கையும் பெட்டியோடு நின்றுவிட்டது. ஈயம் உள்ள மூக்கோ தன் இயக்கத்தை விடாமல் மேற்கொண்டு போகப் பார்த்தது. நின்ற இறக்கைக்கும் போகின்ற உடலுக்கும் நடுவில் இருந்தது அந்த மெல்லிய பால்சா இணைப்பு ஒன்றுதான். அது என்ன செய்யும் பாவம்!

அடுத்தது கணக்கு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 4.4 மீட்டர். அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் சுழியாகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் நின்றால் பொருளின் மேல் அதன் எடையைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு விசை தாக்கும். 150 கிராம் விமானம் அந்தக் கணத்தில் 150 கிலோ எடையைத் தாங்க வேண்டும். அதே விமானம் மெத்தென்ற ஒன்றின் மேல் இரண்டு சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் ஐம்பது மடங்குதான். அதாவது ஏழரைக் கிலோ. கிரிக்கெட் ஆட்டத்தில் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதும் இதற்காகத்தான். நான் என்ன செய்தேன்? ஒரு தாள்கூட நுழையாதபடி திணித்தேன். அமுங்க இடமே இல்லாத இடத்தில் எப்படி அமுங்கும்? ஆடக்கூடாது என்று நினைத்து, விமானத்தை ஒரு கல்லுக்குள் வைத்தது போல் ஆக்கிவிட்டேன். அதுவும் பயணத்தின் குலுக்கலில் தாள் மூன்று விரற்கடை இறங்கி, மேற்புறத்தில் காலியிடம் உண்டாகியிருந்தது. அடியில் கல், மேலே வெற்றிடம். இரண்டு தீமைகளும் ஒரே பெட்டியில்.

கணக்குப் புரிந்தது, ஆனால் எங்கே பிடித்து எப்படி வைப்பது என்பது புரியவில்லை. அதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் நம் ஆலயத்துக் கோவில்பிள்ளைத் தாத்தா. ஜனவரியில் மூன்று அரசர்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தபோது உதவிக்குப் போயிருந்தேன். மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடு மாடுகள், சம்மனசுகள் என்று பழைய களிமண் சுரூபங்களை ஒவ்வொன்றாகப் பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி, வைக்கோல் பரப்பிய மரப்பெட்டியில் அடுக்கிக் கொண்டிருந்தார். நான் ஒரு சம்மனசை எடுத்து, நீட்டிய கை உடைந்துவிடுமே என்று அந்தக் கையைச் சுற்றி நிறையத் துணியை இறுக்கிக் கட்டினேன். தாத்தா வாங்கி அவிழ்த்துவிட்டார்.

“கையைப் பிடிச்சாக் கை போயிரும் பிள்ளே. இடுப்பைப் பிடி. கையைச் சும்மா விடு, காத்துல நிக்கட்டும்” என்றார்.

சுரூபத்தின் இடுப்பையும் பீடத்தையும் சுற்றி வைக்கோலை இறுக்கினார். கையைச் சுற்றி ஒன்றுமே வைக்கவில்லை. விரலைத் தொடும் பொருள் எதுவும் இல்லாதபடி ஒரு சிறு பொந்து விட்டார். மூன்று அரசர்களில் ஒருவருக்கு மட்டும் சுண்டு விரல் இல்லை. அதை அவர் வருவதற்கு முன்பே யாரோ உடைத்தார்களாம். அவர் கட்டத் தொடங்கியபின் ஒன்றும் உடையவில்லை என்றார். எந்தக் கல்லூரியிலும் படிக்காத அவர் சொன்னதுதான் மாதிரி விமானத்தைக் கட்டுவதற்கும் மூல மந்திரம். வலுவான இடத்தில் பிடி. மெல்லிய இடத்தைத் தொடாதே.

வைக்கோல் நல்லதா, தாள் நல்லதா, நுரைப் பஞ்சு நல்லதா என்பதை ஊகத்தால் சொல்லக்கூடாது என்று சிஸ்டர் கூறியதால் முட்டைகளைக் கொண்டு சோதனை செய்தேன். விடுதிச் சமையலறையில் கெஞ்சி மூன்று முட்டைகள் வாங்கினேன். ஒரே அளவுள்ள மூன்று பெட்டிகள். ஒன்றில் இறுக்கித் திணித்த செய்தித்தாள், ஒன்றில் வைக்கோல், ஒன்றில் முட்டையின் வடிவத்துக்கு வெட்டிய நுரைப் பஞ்சுத் தொட்டில். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டோம். தாள் பெட்டியில் முட்டை உடைந்தது. மற்ற இரண்டும் பிழைத்தன. இதோடு நிறுத்தியிருந்தால் வைக்கோலும் நுரைப் பஞ்சும் சமம் என்று எழுதியிருப்பேன். ஆனால் அவற்றை மீண்டும் மீண்டும் போட்டோம். மூன்றாவது முறை வைக்கோல் பெட்டியிலும் முட்டை உடைந்தது. திறந்து பார்த்தால் வைக்கோல் ஒதுங்கி முட்டை அடிப்பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. அதாவது வைக்கோல் முதல் இரண்டு அடியைத் தாங்கும். பிறகு வழி விட்டுவிடும். பார்சல் ஒரே ஒரு முறைதான் விழும் என்று யார் உறுதி கூற முடியும்? தொட்டிலில் இருந்த முட்டை ஆறு முறை தாங்கியது. ஏழாவது முறைக்குள் சமையலறையிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள்.

இனி நான் உண்மையில் கட்டிய முறைக்கு வருகிறேன்.

முதல் வேலை பிரிப்பது. முறிந்த இறக்கையைச் செப்பனிட்டபோதே அதை இரண்டு பாதியாக்கி, நடுவில் ஒரு மூங்கில் நாக்கால் பொருந்தும்படி மாற்றிக்கொண்டேன். பிரித்து அனுப்ப வேண்டிய பொருளைப் பிரிக்கும்படி செய்வதுதான் பாதிக் கட்டு. ரப்பர் இழையைக் கழற்றிவிட வேண்டும். அது உள்ளே கிடந்தால் உடற்பகுதியை எந்நேரமும் இழுத்துக் கொண்டே இருக்கும். புரொப்பெல்லரும் சக்கரக் கம்பியும் தனித்தனிக் காகித உறையில். மூக்கிலிருந்த ஈயத்தையும் எடுத்துத் தனியே வைத்தேன். முதல் முறை அதுதான் எதிரி. (மின்சார மோட்டாரால் பறக்கும் மாதிரிகளில் லித்தியம் மின்கலம் இருக்கும். அது நசுங்கினால் தீப்பிடிக்கக் கூடியது. அதை விமானத்தோடு சேர்த்து அனுப்பவே கூடாது.) கழற்றிய ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எது எங்கே பொருந்தும் என்று ஒரு படமும் வரைந்தேன்.

இரண்டாவது, தொட்டில். உடற்பகுதியின் உள்ளே குறுக்குத் தடுப்புகள் இருக்கும் இரண்டு இடங்களே அதன் ‘இடுப்பு’. அந்த இரண்டு இடங்களுக்கு நேராகத் தெர்மோகோல் பலகையில் உடலின் வடிவத்தைக் குடைந்து, குடைந்த விளிம்பில் மெல்லிய நுரைப் பஞ்சை ஒட்டினேன். விமானம் அந்த இரண்டு தாங்கிகளின் மேல் மட்டும் படுத்திருக்கும். மூக்கும் வாலும் காற்றில் நிற்கும். தெர்மோகோல் ஏன் நேராகப் போதாது என்றால், அது 150 கிராமுக்கு அமுங்காது. கனமான தொலைக்காட்சிப் பெட்டிக்கு மெத்தையாக இருப்பது காற்றுப் போன்ற விமானத்துக்குச் சுவராகிவிடும். திணிப்புப் பொருள் எது நல்லது என்று கேட்பதே தவறு. எந்த எடைக்கு எது என்றுதான் கேட்க வேண்டும்.

இறக்கைகளை ஒரு சமமான அட்டையின் மேல் படுக்க வைத்து, பருத்தி நாடாவால் கட்டினேன். நாடா விலாவின் மேல் மட்டுமே போக வேண்டும்; இரண்டு விலாக்களுக்கு இடையிலுள்ள காகிதத்தின் மேல் போகக்கூடாது. ஒட்டும் டேப்பை விமானத்தின் எந்தப் பகுதியிலும் ஒட்டக்கூடாது. உரிக்கும்போது காகிதமும் கூடவே வந்துவிடும். பஞ்சை வைத்துச் சுற்றலாமே என்று என் அம்மா சொன்னார்கள். பஞ்சின் இழை கூர்மையான இடங்களில் மாட்டிக்கொண்டு, எடுக்கும்போது ஒடித்துவிடும். தெர்மோகோல் மணிகளும் அப்படியே. அவை குலுங்கிக் குலுங்கி ஒதுங்குவதோடு, நிலை மின்சாரத்தால் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டா. பிளாஸ்டிக் மாதிரி விமானங்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். குமிழித்தாளைச் சுற்றினால் குமிழிகள் வெளிப்பக்கம் இருக்கட்டும். வர்ணம் நன்றாகக் காயாதிருந்தால் உள்ளே வைத்த குமிழிகள் வட்ட வட்டமாக அச்சுப் பதித்துவிடும்.

அந்தக் குமிழித்தாளுக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1957-இல் அமெரிக்காவில் இரண்டு பொறியாளர்கள் குளியலறைத் திரைகள் இரண்டைச் சேர்த்து ஒட்டி, சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்யப் பார்த்தார்கள். இடையில் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொண்டன. சுவருக்கு அதை யாரும் வாங்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கணிப்பொறிகளைக் கட்டி அனுப்ப அது உதவும் என்று கண்டார்கள். நம் அட்டைப்பெட்டியின் உள்ளே உள்ள நெளிதாளும் அவ்வாறே. 1856-இல் இங்கிலாந்தில் அது உயரமான தொப்பிகளின் உட்புறத்துக்காகத்தான் முதலில் காப்புரிமை பெற்றது. 1871-இல் அமெரிக்கர் ஒருவர் கண்ணாடிப் புட்டிகளைச் சுற்ற அதைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்.

மூன்றாவது, பெட்டிக்குள் பெட்டி. உள்பெட்டி 70 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 20 உயரம். வெளிப்பெட்டி 80, 40, 30. அப்போது ஆறு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். தாத்தாவிடம் வாங்கிய வைக்கோலை நன்றாக வெயிலில் உலர்த்தி, மெல்லிய துணியில் சிறு சிறு தலையணைகளாகத் தைத்து அந்த இடைவெளியில் வைத்தேன். தைத்துவிட்டால் வைக்கோல் முட்டைச் சோதனையில் ஓடியது போல் ஓடாது. எல்லாம் சேர்ந்த உள்பெட்டி ஒன்றரைக் கிலோ இருந்ததால் தலையணைகள் அளவாக அமுங்கின. தையல் வகுப்பில் கற்ற ஓட்டுத் தையல் இதற்குப் போதுமானது. இதைப் பார்த்த தையல் ஆசிரியை, என் மதிப்பெண் ஏட்டிலுள்ள கைக்குட்டையை விட இது நேராக இருக்கிறது என்றார்கள்.

ஈரத்தையும் மறக்கலாகாது. டோப் பூசிய காகிதம் ஈரக் காற்றில் தளரும், வெப்பத்தில் இறுகும். இறுகும்போது இறக்கையை முறுக்கிவிடும். சமமான அட்டையில் கட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். காலணிப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றில் மூன்றைப் போட்டேன். இங்கே ரைட் சகோதரர்களின் இன்னொரு பெட்டியையும் நினைத்துக்கொள்கிறேன். 1903 டிசம்பர் 17-இல் முதன்முதலாகப் பறந்த அந்த விமானம், அன்றே காற்றில் உருண்டு நொறுங்கியது. துண்டுகளைப் பெட்டிகளில் போட்டு டேட்டன் நகரத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே 1913-இல் பெருவெள்ளம் வந்து பெட்டிகள் நாள்கணக்கில் நீரிலும் சேற்றிலும் மூழ்கிக் கிடந்தன. வில்பர் அதற்கு முந்திய ஆண்டே இறந்துவிட்டார். பின்னர் ஆர்வில் அவற்றை எடுத்துச் செப்பனிட்டார். 1928-இல் அவ்விமானம் லண்டனுக்குக் கப்பலேறியது. போர்க்காலத்தில் நிலவறையில் பாதுகாக்கப்பட்டு, 1948-இல் மீண்டும் கப்பலில் தாய்நாடு திரும்பியது. அதைக் காண ஆர்வில் உயிரோடில்லை. அவ்வாண்டு ஜனவரியில்தான் மறைந்திருந்தார். நொறுங்கியது என்று எறிந்திருந்தால் இன்று வாஷிங்டன் நகரத்தில் அதை யாரும் பார்த்திருக்க முடியாது.

இனி மேல் எழுத்து. ‘உடையும் பொருள்’ என்று நான் முதல் முறையும் சிவப்பு மையில் எழுதியிருந்தேன், பயன் இல்லை. இரவில், மழையில், நூறு மூட்டைகளுக்கு நடுவில் நிற்கும் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி வாசித்துக் கொண்டிருக்க முடியாது. எனவே மதுக் கிண்ணம், குடை, மேல்நோக்கிய இரட்டை அம்பு ஆகிய படங்களைப் பெரிதாக வரைந்தேன். இவை எந்த மொழிக்காரருக்கும் புரியும் உலகப் பொதுச் சின்னங்கள். அத்தோடு இரண்டு பக்கமும் கயிற்றால் கைப்பிடி வைத்தேன். கைப்பிடி இருந்தால் மனிதர் தூக்குவார், இல்லாவிட்டால் உருட்டுவார். அப்படியும் பெட்டி தலைகீழாகத்தான் போகும் என்றே எண்ணிக்கொண்டு, கட்டியபின் ஆறு பக்கமும் திருப்பிக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு சத்தமும் வரக்கூடாது.

கடைசியாக, லெ ஹாவ்ர் சுங்க அதிகாரிகளை நினைத்து ஒரு காரியம் செய்தேன். மூடியைத் திறந்தவுடன் கண்ணில் படும்படி ஒரு தாள். “ஐயா, தாங்கள் யாராயினும் வணக்கம். வழியில் சோதிக்க வேண்டியிருந்தால் உள்பெட்டியை மட்டும் கைப்பிடி நாடாவால் மேலே தூக்குங்கள். இறக்கை அட்டையைத் தனியாக எடுக்கலாம். வெள்ளைக் காகிதத்தில் விரல் வைக்க வேண்டாம். திரும்ப வைக்கும் முறை கீழே படத்தில்” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, படமும் வரைந்து வைத்தேன். நாம் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அதை அவிழ்ப்பவர் வேறொருவராக இருக்கலாம் அல்லவா? முகவரியை வெளியில் மட்டுமன்றி உள்ளேயும் ஒட்டினேன்.

பிப்ரவரி மாதம் இரண்டாம் வாரத்தில் பெட்டி கோயம்புத்தூருக்குப் போயிற்று. கூடவே கடிதம் எழுத உட்கார்ந்து நான்கு தாள்களைக் கிழித்தேன். கடைசியில் ரப்பர் இழைக்கு எத்தனை முறுக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும், செய்தித்தாளைத் திணித்தது என் பிழை என்பதையும் மட்டும் எழுதி வைத்தேன். பத்து நாள் ஒரு செய்தியும் இல்லை. பதினோராம் நாள் ஓர் அஞ்சலட்டை வந்தது. விமானம் சேர்ந்தது என்றும், வலது இறக்கையில் வெளிப்பக்கத்திலிருந்து மூன்றாவது விலா மட்டும் விட்டிருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். அது நீ கட்டியதில் உடைந்ததன்று, நான் ஒட்டும்போதே பசை குறைவாக வைத்த இடம், எனக்குத் தெரியும் என்றும் எழுதியிருந்தாள். அதன் கீழே, இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கி, வைக்கோல் தலையணைகளையும் பெட்டியையும் திருப்பி அனுப்பவா, அல்லது அடுத்த விமானத்துக்கு அங்கேயே வைத்துக்கொள்ளவா என்று கேட்டிருந்தாள்.